கழுநீர்த் தொட்டியில் கலந்த ஆராய்ச்சி

1. நின்ற இடம் தப்பு

முப்பத்து நான்கு வருஷம் மாட்டுக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கியவள் நான். பதவியின் பெயர் கால்நடை ஆய்வாளர். செய்த வேலை சினை ஊசி போடுவது, சினை பார்ப்பது, சிக்கிக்கொண்ட கன்றை இழுத்துப் போடுவது. மூன்றுக்கும் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் என்னை டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் கிளியனூரில் வீட்டோடு இருந்தேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காரும் அளவுக்கு நாங்கள் பழகியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. மாடுகள் வெளியே விடுகிற மீத்தேன் வாயுவைக் குறைக்கப் பொடி ஒன்று தயாரித்திருக்கிறார்கள். அதை உப்பளத்து ஊர் ஒன்றில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாடும் தெரிந்த, ஊரும் தெரிந்த ஆள் தேவை. முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

முதல் நாள் பால் சொசைட்டி கொட்டகையில் பயிற்சி. டாக்டர் ஆனந்த் என்று ஒரு விஞ்ஞானி வந்திருந்தார். முப்பது வயசுதான் இருக்கும். நல்ல படிப்பாளி, சாணியைக் கண்டால் மட்டும் ஷூவை எங்கே வைப்பது என்று யோசிப்பார். என் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்களே, ஏறக்குறைய அந்த மாதிரிதான் இருந்தது. லேசர் துப்பாக்கி. மாட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று நீட்டினால், காற்றில் எவ்வளவு மீத்தேன் என்று நம்பர் காட்டும்.

நான் வாங்கினேன். வாங்கின கையோடு நேராக மாட்டுக்குப் பின்னால் போய் நின்று வாலுக்குக் கீழே குறி பார்த்தேன்.

கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்த் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாக, "மேடம், முன்னாடி வாங்க. கேஸ் ஏப்பத்துலதான் வருது, வாய் வழியா" என்றார்.

எனக்குத் தெரியாததா? பயிற்சிக் காலத்தில் படித்ததுதான். மாட்டின் முதல் வயிற்றில் வைக்கோலும் புல்லும் ஊறுகிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. மாடு அசை போட்டுக்கொண்டே அதை ஏப்பமாக விட்டுவிடுகிறது. தின்ற தீனியின் சத்தில் ஒரு பங்கு பாலாகாமல் காற்றோடு போகிறது. ஆடும் எருமையும் அப்படித்தான். எல்லாம் தெரியும். ஆனால் காலுக்கு அது தெரியவில்லை, பழகிய இடத்தில் போய் நின்றுவிட்டது. முகம் சிவந்து முன்பக்கம் வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்த பெரிய தப்புக்கும் வேர் இதுதான்.

2. நீலம், மஞ்சள்

நாங்கள் தேர்ந்தெடுத்த ஊரில் இரண்டே தெரு. உப்பளத்தைப் பார்த்த பக்கம் கீழத்தெரு, ரோட்டைப் பார்த்த பக்கம் மேலத்தெரு. எல்லா வீட்டிலும் உப்பள வேலை, கூடவே ஒன்றோ இரண்டோ மாடு. உப்பளம் ஓடுகிற மாதங்களில் விடியுமுன் உப்புப் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறி பத்து மணிக்குத் திரும்பிவிடுவார்கள். மழைக்காலம் வந்தால் பாத்தி எல்லாம் ஏரி மாதிரி நிற்கும். வேலை கிடையாது. அந்த மூன்று மாதம் பாலை நம்பித்தான் அடுப்பு எரியும். பால் வற்றிய வீட்டில் மாட்டையே விற்பார்கள். ஐப்பசி பிறந்ததும் மாட்டுத் தரகர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து தெருமுனையில் நிற்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும்.

பச்சையம்மாளை அப்படி ஒரு ஐப்பசியில்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கீழத்தெருவில் கடைசி வீடு. புருஷன் இல்லை. மகளைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்துவிட்டாள். நான் சினை ஊசி போட்டுப் பிறந்த கிடேரியை ஆசையாக வளர்த்து, அது தலைச்சன் ஈன்று பால் கொடுக்க ஆரம்பித்த வருஷமே மழைக்காலத்தில் வண்டி ஏற்றினாள். ஏற்றும்போது நானும் அங்கே இருந்தேன். அவள் அழவில்லை. கழுத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கயிற்றில்தான் இப்போது செவலை நிற்கிறது, விற்ற மாட்டின் கன்று.

திட்டத்தைத் தொடங்கி வைக்க ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் வந்திருந்தார். பொடி வேறொன்றும் இல்லை, புளியங்கொட்டையின் மேல்தோலை வறுத்து அரைத்தது. அதில் இருக்கிற துவர்ப்பு, வயிற்றில் வாயு உண்டாவதைக் கட்டுப்படுத்தும். பரிசோதனையில் ஜெயித்தால் பொடி அரைக்கிற மில்லை இந்த ஊரிலேயே போடுவதாக அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். பன்னிரண்டு பெண்களுக்கு வேலை, அதுவும் மழைக்காலத்தில். கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

மீத்தேன் உலகத்தின் சூட்டைக் கூட்டுகிறது என்று ஆனந்த் விளக்கியபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி, சூடு கூடினால் உப்பு நன்றாக விளையுமே, நல்லதுதானே என்றாள். ஆனந்த் என்னைப் பார்த்தார்.  பச்சையம்மாள்தான் பின்னாலிருந்து, "வெயிலு மட்டும் கூடுனா யாரு வேணான்னா. சித்திரையில மழ பேஞ்சு வாரி வெச்ச உப்பெல்லாம் கரைஞ்சிச்சே, அதயும் சேத்து சொல்லு" என்றாள். 

ஊரில் இருந்த நாற்பது மாடுகளையும் எடுத்துக்கொண்டோம். சீட்டுப் போட்டு இருபதுக்குக் காதில் நீல டேக், இருபதுக்கு மஞ்சள் டேக். நீலத்துக்குத் தினம் ஒரு பொட்டலம் பொடி. மஞ்சளுக்குக் கிடையாது. மஞ்சள் மாடுகளோடு ஒப்பிட்டால்தான் பொடி வேலை செய்கிறதா என்று தெரியும். ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கன்ட்ரோல் குரூப் என்பார்கள். செவலைக்கு மஞ்சள் விழுந்தது. "எம் மாடு இன்னா பாவம் பண்ணிச்சு டாக்டரம்மா" என்று பச்சையம்மாள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை, சீட்டு என்றேன்.

3. ஒழுங்காக நடந்த மூன்று மாதம்

பொடி கொடுக்குமுன் நாற்பது மாட்டுக்கும் பேஸ்லைன் ரீடிங் எடுத்தோம். பங்குனியில் பொடி தொடங்கியது.

என் தினசரி வேலை இதுதான். கிளியனூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிப் பத்து மணிக்கு ஊருக்குள் இருப்பேன். பெண்கள் பாத்தியிலிருந்து வந்திருப்பார்கள், மாடு அசை போட்டுக்கொண்டிருக்கும். கடல்காற்று கிளம்பிவிட்டால் ரீடிங் தாறுமாறாகும், அதனால் பதினொன்றரைக்குள் முடித்தாக வேண்டும். ஒரு மாட்டுக்கு நான்கு நிமிஷம், முறை வைத்து நாளுக்குப் பத்து மாடு. ஏப்பம் வரும்போது நம்பர் குபீரென்று ஏறி இறங்கும். பிறகு நீல டேக் மாடு இருக்கிற வீடு வீடாக ரிஜிஸ்டர். அதில் ஒரே கேள்வி, பொடி போட்டீர்களா. போட்டுவிட்டோம் என்பார்கள். டிக் அடிப்பேன். மூன்று மாதத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. சர்வீசில் இருந்தபோதும் நான் ரிஜிஸ்டர் இவ்வளவு அழகாக வைத்தது கிடையாது.

ஆனியில் வீடியோ கால். இயக்குநர் திரையில், ஆனந்தும் நானும் சொசைட்டி பெஞ்சில். நீல மாடுகளின் ரீடிங் குறைந்திருந்தது. மஞ்சள் மாடுகளின் ரீடிங்கும் அதே அளவு குறைந்திருந்தது. பொடி தின்றதும் தின்னாததும் ஒன்றுபோல இறங்கினால் பொடிக்கு அதில் என்ன பெருமை? கோடையில் மாடுகள் தீனி குறைத்துத் தின்றிருக்கும், அதனால் வாயுவும் குறைந்திருக்கும் என்று இயக்குநர் முடிவு கட்டினார். பயன் இல்லை என்று அறிக்கை எழுதி மூடிவிடலாம் என்றார். மில் பேச்சே எழவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் மனசு நொந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் போனை வைக்கும்போது, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டெய்லி நேர்ல போய்த்தானே ரீடிங் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பேய் மழையிலும் கன்று இழுக்கப் போனவள் நான். ஆனந்த் தலையைக் குனிந்துகொண்டார். நான் ரிஜிஸ்டர்களை எல்லாம் பையில் அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கி அவர் மேஜையில் கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவு. சாப்பிடாமல்கூட நேராக ஊருக்கு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

4. பிற்பகல் மூன்று மணி

இந்த ஊருக்கு இத்தனை மாதமாகப் பத்து மணிக்கு வந்து பதினொன்றரைக்குக் கிளம்பியவள், அன்றைக்குத்தான் முதல் முறையாக மூன்று மணிக்கு வந்தேன்.

கீழத்தெரு முனையில் ஒரு சிமெண்ட் தொட்டி. நான் பார்க்காத தொட்டி இல்லை, அதன் விளிம்பில்தான் தினமும் என் பையை வைப்பேன். இப்போது அதைச் சுற்றி நாலைந்து மாடுகள் குடித்துக்கொண்டிருந்தன. பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, அதாவது கழுநீர். உப்பளத்து மண்ணில் எங்கே தோண்டினாலும் உவர்த்தண்ணீர்தான், மாடு முகம் திருப்பும். நல்ல தண்ணீர் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஆகவே அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாக்காமல் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே தொட்டியில் ஊற்றுவார்கள். தெருவிலிருக்கிற மாடெல்லாம் முறை வைத்துக் குடிக்கும். மாடு இல்லாத வீட்டுக்காரர்களும் ஊற்றுவார்கள். மேலத்தெருவுக்கு இதே மாதிரி இன்னொரு தொட்டி.

உள்ளே இருந்த தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது, எங்கள் பொடியின் நிறம்.  குடித்து முடித்து ஒரு மாடு தலை தூக்கியது. காதில் மஞ்சள் டேக், மூக்கு முழுக்க அதே செம்பழுப்பு. அது செவலை.

வாளியோடு நின்ற பச்சையம்மாளிடம், பொட்டலத்தை எதில் போடுகிறார்கள் என்று கேட்டேன். மூன்று மாதத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தொட்டியிலதான். தவிட்டுல கலந்து வெச்சா துவர்ப்புக்கு மாடு மூந்து பாத்துட்டுப் போயிடுது. அதான் நீலத்துக்காரங்க எல்லாரும் தொட்டியில கொட்டிடறாங்க."

மஞ்சள் மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று சொன்னேனே என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், எல்லாரும் திரும்பினார்கள்.

"நாங்க குடுக்கலியே. நீலத்துக்காரங்க அவங்க பொட்டலத்த கொட்டறாங்க, நாங்க எங்க கழனித்தண்ணிய ஊத்தறோம். தொட்டி தண்ணிய மாடு பேரு எழுதியா ஊத்த முடியும் டாக்டரம்மா?"

அவள் ஏமாற்றவில்லை. யாருமே ஏமாற்றவில்லை. பொடி போட்டீர்களா என்று கேட்டேன், போட்டோம் என்றார்கள், அத்தனை டிக்கும் உண்மை. இருபது மாட்டுப் பொடியை நாற்பது மாடுகள் குடித்திருக்கின்றன. நீலத்துக்கும் அரை அளவு, மஞ்சளுக்கும் அரை அளவு. இரண்டும் ஒன்றுபோல இறங்காமல் வேறென்ன செய்யும்?

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அழுகை வந்தது. முப்பத்து நான்கு வருஷம் இந்த மாடுகளோடு இருந்தவள், அவை எங்கே தண்ணீர் குடிக்கின்றன என்று ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. எனக்கு எப்போதும் மறு கோடியில்தான் வேலை. பெண்கள் பயந்துபோய்ச் சுற்றி நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டத்தை மூடப்போகிறார்கள் என்றதும் பச்சையம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மில்லு?"

இல்லை என்றேன். அவள் செவலையைப் பார்த்தாள். ஐப்பசிக்கு அப்போது நான்கு மாதம்கூட இல்லை.

5. இரண்டு தொட்டி

ஆனந்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அப்படியென்றால் அரை அளவுக்கே இவ்வளவு இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. நான் தப்பைப் பார்த்தேன், அவர் அதற்குள் இருந்த வெற்றியைப் பார்த்தார்.

இயக்குநர் லேசில் மசியவில்லை. "ஃபீல்டுல கன்ட்ரோல் போச்சுன்னா டேட்டாவே இல்ல மேடம். மாடு ஒரே தொட்டியிலதான் குடிக்கும்னா அங்க எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" என்றார்.

"ஒரே தொட்டி இல்ல சார், ரெண்டு தொட்டி. தெருவுக்கு ஒண்ணு. மாட்டுக்கு மாடு பிரிச்சதுதான் தப்பு. தொட்டிக்குத் தொட்டி பிரிங்க" என்றேன்.

எனக்கே அது வாயில் வந்த பிறகுதான் தெளிவானது. முதல் மாதம் மேலத்தெருத் தொட்டியில் மட்டும் முழு அளவுப் பொடி, கீழத்தெருவுக்கு வெறும் கழுநீர். அடுத்த மாதம் மாற்றிப் போடுவது. பொடி எந்தத் தெருவுக்குப் போகிறதோ அங்கே ரீடிங் இறங்கி, விட்ட தெருவில் ஏறினால், கோடை மேல் பழி போட முடியாது. ஆனந்த் கிராஸ் ஓவர் என்று ஏதோ சொல்லி என்னைத் தாங்கிப் பேசினார். எதிர்முனையில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் இரண்டு மாதம் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

இப்போது சொல்வதற்குச் சுலபம். ஊரில் அது சுலபமில்லை. மேலத்தெருப் பெண் கீழத்தெருவில் அக்கா வீட்டுக்கு வந்தால் கையில் கழுநீர் வாளியும் வரும். யார் வாளி எந்தத் தொட்டி என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஒரு வாளி மாறினாலும் என் ரிஜிஸ்டர் குப்பை. திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பெண்கள் கூடிப் பேசினார்கள். தெரு தாண்டி வாளி போகக்கூடாது என்று முடிவானது. பொடி விழுகிற தொட்டியில் அடையாளத்துக்கு நீல உப்புச் சாக்கு ஒன்றைக் கட்டினார்கள். காவலுக்குப் பச்சையம்மாள் தானாகவே பொறுப்பேற்றாள்.

மூன்றாவது வாரத்தில் கீழத்தெருக் குழாய் மோட்டார் கருகிவிட்டது. நல்ல தண்ணீர் இல்லை. ஆடி வெயில் வேறு. இரண்டாம் நாள் தொட்டி காய்ந்து கிடந்தது, மாடுகள் கத்த ஆரம்பித்தன. நான் ரீடிங் எடுக்க வந்தபோது மேலத்தெருப் பெண் ஒருத்தி மனசு பொறுக்காமல் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அதை முகந்தது பொடி கலந்த மேலத்தெருத் தொட்டியில். பச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றாள். பின்னால் செவலை கத்திக்கொண்டிருந்தது.

"வேணாம் அக்கா. எடுத்துட்டுப் போ."

"மாடு கத்துதே, உனுக்கு காது கேக்கலியா?"

"கேக்குது. இத ஊத்தினா மில்லு போயிடும். மில்லு போனா இது வண்டி ஏறிடும்."

 ஊற்றட்டும், ஆராய்ச்சி கிடக்கட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாயில்லா ஜீவன் தாகத்தில் நிற்கும்போது நம்பரா பெரிசு? அந்தப் பெண் வாளியோடு திரும்பிப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் மேலத்தெருவிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். இடுப்பில் குடம். கழுநீர் இல்லை, அவர்கள் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர். ஒவ்வொரு குடமாகத் தொட்டியில் கவிழ்த்தார்கள். மோட்டார் சரியாகும் வரை மூன்று நாளும் அப்படித்தான் நடந்தது. அந்த மூன்று நாள் மேலத்தெரு எதைக் குடித்தது என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

6. கோடுகள் வெட்டிக்கொண்டன

முதல் மாதக் கடைசியில் மேலத்தெரு ரீடிங் நன்றாக இறங்கியிருந்தது. கோடையில் இறங்கியதைவிட அதிகம். கீழத்தெருவில் பொடி நின்றுபோனதால் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. நீலச் சாக்கை அவிழ்த்துக் கீழத்தெருத் தொட்டியில் கட்டினோம். இனி எல்லாம் அந்த இரண்டாவது மாதத்தில்தான் இருந்தது. நான் நாளுக்கு ஒரு முறைக்கு மூன்று முறை போனேன். சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் மகளிடம் போனில் புகார் சொன்னார்.

ஆவணிக் கடைசியில் ஒரு காலை. சொசைட்டியில் பாலின் கொழுப்பு எழுதிப் போடுகிற கரும்பலகையை ஆனந்த் துடைத்தார். வாரா வாரம் எடுத்த ரீடிங்கைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். மேலத்தெருவுக்கு வெள்ளைச் சாக்பீஸ், கீழத்தெருவுக்கு மஞ்சள். வெள்ளைக்கோடு இறங்கிப் போய் நடுவில் ஏற ஆரம்பித்தது. மஞ்சள்கோடு மேலேயே போய் நடுவில் சரிந்தது. இரண்டும் பலகையின் நடுவில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. ஆனந்த் பலகையைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். ஷூ சாணியில் நின்றிருந்தது, அவர் கவனிக்கவே இல்லை.

பச்சையம்மாள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கோடும் முட்டிக்கிச்சே டாக்டரம்மா, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சிட்டோம்டி" என்றேன். சர்வீசில் ஒரு பயனாளியையும் நான் டி போட்டுப் பேசியதில்லை.

அடுத்த வாரம் இயக்குநரே நேரில் வந்தார். கருவியை அவரே வாங்கிச் செவலை முன்னால் நான்கு நிமிஷம் நின்று ரீடிங் எடுத்தார். பிறகு தொட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். நாற்பது பொட்டலத்தை வீடு வீடாகக் கொடுத்து, ஒவ்வொரு மாடும் தின்றதா என்று பார்ப்பதைவிடத் தொட்டிக்கு ஓர் அளவு போடுவது எவ்வளவு சுலபம் என்று ஆனந்திடம் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் தப்பு அவருடைய முறையாகிவிட்டது. இப்போது வேறு ஊர்களுக்குப் போகிற கையேட்டிலும் தொட்டிக்கு எத்தனை அளவு என்றுதான் இருக்கிறது.  நான் சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது என்னிடம் வந்து, "அன்னிக்கு அப்படி கேட்டிருக்கக் கூடாது மேடம்" என்றார்.

கேட்டது நல்லதுதான் சார், அந்தக் கோபத்தில்தான் மூன்று மணிக்கு வந்தேன் என்றேன். அது உண்மை. ஆனாலும் அவர் அதைச் சொன்னபோது மனசு நிறைந்துபோனது, மறைப்பானேன்.

7. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் டிப்ஸ் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ரிஜிஸ்டரில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். கொடுத்தீர்களா என்று கேட்காதீர்கள். எப்படிக் கொடுக்கிறீர்கள், எனக்கு முன்னால் ஒரு தடவை கொடுங்கள் என்று கேளுங்கள். நமக்கு வசதியான நேரத்தில் போகாமல் மாடு சாப்பிடுகிற நேரத்தில், குடிக்கிற நேரத்தில் போய் நில்லுங்கள். ஊர்க்காரர்கள் நம்மிடம் பொய் சொல்வது குறைவு. நாம் கேட்காததைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

புரட்டாசி முடிவதற்குள் மில் வந்துவிட்டது. பழைய உப்பு குடோன் ஒன்றைச் சுத்தம் செய்து, வறுக்கிற இயந்திரம், தோல் உரிக்கிற இயந்திரம், அரைக்கிற இயந்திரம் மூன்றையும் இறக்கினார்கள். பன்னிரண்டு பேரைப் பெண்களே தேர்ந்தெடுத்தார்கள். முதல் பெயர், வாளியோடு திரும்பிப் போய்க் குடத்தோடு வந்த மேலத்தெருப் பெண்ணுடையது. எழுதச் சொன்னது பச்சையம்மாள். அவள் பெயர் இரண்டாவது.

ஐப்பசி முதல் வாரம் மழை பிடித்தது. பாத்திகள் மூழ்கின. நான் மில்லில் பொடியின் ஈரப்பதம் பார்க்கப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மழை கொஞ்சம் விட்ட நேரம். குட்டியானை வண்டி வந்து கீழத்தெரு முனையில் நின்றது. தரகர் குடையோடு இறங்கினார், வழக்கம்போல யாரும் கூப்பிடாமல். தொட்டியில் செவலை குடித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முதுகைத் தட்டிப் பார்த்து, பல்லைப் பார்க்கத் தாடையில் கை வைத்தார்.

பச்சையம்மாள் மில்லிலிருந்து வெளியே வந்தாள். முழங்கை வரை புளியங்கொட்டைப் பொடி. நேராகப் போய் அவர் கையைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இந்த வருஷம் விக்கலீங்க. மழையில வந்திருக்கீங்க, மோரு இருக்குது, குடிச்சிட்டுப் போங்க."

அவர் மோர் குடித்தார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது. செவலை தலையைத் தூக்கி நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. என் கை தானாகப் பையில் கருவியைத் தேடியது. அன்றைக்கு நான் அதை எடுத்து வந்திருக்கவில்லை.